கடலோர மனைக்கு மூன்று பிளான்: முற்றமா, எல் வடிவமா, சதுரக் கட்டா?

வேப்பமரம்:

கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் மனை. கடல் கிழக்கே, சாலை மேற்கே. கிழக்கு மேற்காக 50 அடி, வடக்கு தெற்காக 80 அடி. நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரி. வருடத்தில் பாதிக்கு மேல் புழுக்கம், மழைக்காலத்தில் கடல் பக்கமிருந்து சாரல், சில வருடங்களில் புயல். முழுக்க மணல், மழைக்காலத்தில் ஐந்தடியில் ஊற்று வந்துவிடும்.

தரைத்தளம் மட்டும், பழைய பாணியில் ஓட்டுக்கூரை, மூன்று படுக்கையறை, 1700 சதுர அடிக்குள் முடிக்கவேண்டும். ஏசி ஒரே ஒரு அறைக்குத்தான். விலைக்குக் கிடைத்த பிளான்களைச் சலித்ததில் மூன்று நிற்கின்றன.

ஏ: நடு முற்றம். வெளி அளவு 45க்கு 38. முற்றம் 12க்கு 10, சுற்றி நான்கடி தாழ்வாரம், கூரை நான்கு பக்கமும் உள்நோக்கியும் சரிகிறது.

பி: எல் வடிவம். அறைகள் ஒற்றை வரிசை, 14 அடி ஆழம். 56 அடி நீளக் கை மனையின் மேற்கு ஓரம், குட்டைக் கை வடக்கில். 8 அடி வராந்தா உள்பக்கம், கடலைப் பார்த்து. வராந்தாவோடு 1540 சதுர அடி.

சி: 40க்கு 38 சதுரக் கட்டு. முதுகோடு முதுகாக இரண்டு வரிசை அறைகள், நடுவில் நடை, மேலே தட்டையான ஆர்.சி.சி. தளம். மூன்றிலும் செலவு இதற்குத்தான் குறைவு.

கேள்விகள்: எதை எடுப்பது? மேற்கு வெயிலுக்குப் பயந்து அந்தப் பக்கம் ஜன்னலே வைக்காமல் விடலாமா? இறவாணம் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு) ஒருவர் மூன்றடி வேண்டும் என்கிறார், இன்னொருவர் ஒன்றரை அடிக்கு மேல் கூடாது என்கிறார். யார் சொல்வது சரி?

---

தாழை:

சி-யை முதலில் ஒதுக்கிவிடுங்கள். மூலையறைகள் நீங்கலாக மற்ற அறைகளுக்கு வெளிச்சுவர் ஒன்றுதான். ஒரே பக்கம் ஜன்னல் உள்ள அறையில் கூரை உயரத்தைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு ஆழம் வரை காற்று போகும் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் உங்கள் அறைகள் தேறிவிடும். ஆனால் அது மூச்சுக்காற்று மாறுவதற்கான கணக்கு. புழுக்கத்தில் வியர்வை உலர வேண்டுமென்றால் காற்று உடம்பைத் தொட்டுக்கொண்டு ஓடவேண்டும்; அதற்கு எதிர்ச்சுவரில் வெளியேறும் வழி இருந்தே தீரவேண்டும். வெளியேறும் ஜன்னல் உள்ளே வரும் ஜன்னலுக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்கட்டும். 12க்கு 14 அறைக்கு எதிரெதிரே 4 அடி அகலம், 4½ அடி உயரத்தில் இரண்டு ஜன்னல் வைத்தால் தரைப்பரப்பில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் திறப்பு கிடைக்கும். அதற்குக் கீழே இறங்காதீர்கள்.

எனவே பி. ஆனால் வரைந்திருக்கிறபடி எடுக்காதீர்கள். நீளக் கையை மேற்கு ஓரத்தில் வைத்து வராந்தாவைக் கடல் பக்கம் போட்டது காட்சிக்காக. விளைவு, 56 அடி மேற்குச் சுவர் முழுக்க வெயிலில் நிற்கிறது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் வெளியே வாங்கிய சூட்டை உள்ளே கொண்டுவர ஆறேழு மணி நேரம் எடுக்கும். மாலை மூன்று, நான்கு மணி வெயில் இரவு பத்து மணிக்குக் கட்டில் தலைமாட்டில் வந்து இறங்கும். கடலோரத்தில் இரவில் வெப்பம் அதிகம் இறங்குவதும் இல்லை, சுவர் ஆற வழியில்லை.

பிளானைக் கண்ணாடிப் பிம்பம் போலக் கிழக்கு மேற்காகத் திருப்புங்கள். நீளக் கை கிழக்கு ஓரம், வராந்தா மேற்கே சாலையைப் பார்த்து. உங்கள் அட்சரேகையில் மாலை 4 மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 30 டிகிரி உயரத்தில் இருக்கும். அந்தக் கோணத்தில் 2 அடி சன்ஷேடு அதற்குக் கீழே 1 அடி 2 அங்குலம் மட்டுமே நிழல் தரும், அதாவது மேற்கில் அது அலங்காரம். 8 அடி வராந்தாவின் வெளி விளிம்பு 7 அடி உயரத்தில் இருந்தால், வெயில் உள்சுவரில் தரையிலிருந்து 2½ அடிக்கு மேல் ஏறாது. 5 மணிக்கு மேல் எந்த வராந்தாவும் போதாது. தூணுக்குத் தூண் தட்டி அல்லது மூங்கில் பாய் தொங்கவிட வேண்டியதுதான்.

கிழக்கு வெயிலும் அதே கோணத்தில்தான் வரும். ஆனால் அது இரவெல்லாம் ஆறிய சுவர் மேல் விழுகிறது, பத்து மணிக்குள் மேலே போய்விடுகிறது. சாய்பட்டை (சாய்வாக அடுக்கிய பட்டைகள்) வைத்த மரக்கதவு போதும்.

மேற்கில் ஜன்னலே இல்லாமல் விடுவது தவறு. பகலில் காற்று கடலிலிருந்து வரும், இரவில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். இரவுக் காற்று மெலிந்தது. ஒரு தடுப்பு இருந்தாலும் நின்றுவிடும். நீங்கள் தூங்கும் நேரத்துக் காற்று மேற்கிலிருந்துதான். வராந்தா நிழலுக்குள் மேற்கு ஜன்னலை வையுங்கள், அடிமட்டம் தரையிலிருந்து 2 அடிக்குள், கட்டில் உயரத்தில். மேல் இரண்டு, கீழ் இரண்டு என நான்கு கதவு வைக்கும் பழைய ஜன்னல் இதற்குத் தோதானது. கீழ்க் கதவில் சாய்பட்டை வைத்தால் மறைவும் கிடைக்கும், காற்றும் வரும்.

வடக்குச் சுவரை நிழல் பக்கம் என்று நினைத்துச் சும்மா விடாதீர்கள். ஜூன் மாதம் நண்பகலில் சூரியன் உங்கள் தலைக்கு 12 டிகிரி வடக்கே நிற்கும். தெற்கில் டிசம்பர் நண்பகல் உயரம் 55 டிகிரி சொச்சம். 2½ அடி நிழல் இருந்தால் 3½ அடிக்கு மேல் ஜன்னல் காக்கப்படும்.

---

கைமரம்:

தாழை சொன்ன திருப்பல் வெயிலுக்குச் சரி. சாரலுக்குச் சரியில்லை. கடல் பக்கம் மழை படுக்கைவசமாக வரும், அந்தப் பக்கம்தான் வெறும் சுவராக நிற்கப்போகிறது. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே வந்து, உப்போடு பூச்சை உரிக்கும். கிழக்கில் 4 அடிக்கு ஒரு குறுகல் தாழ்வாரம் வேண்டும். முழு 56 அடிக்கும் போட்டால் 224 சதுர அடி கூடி உங்கள் வரம்பு தாண்டும். படுக்கையறைகளுக்கு முன்னால் மட்டும் 40 அடிக்குப் போட்டால் 160. சரியாக 1700-இல் நிற்கும்.

இறவாணத்துக்கு வருவோம். இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. மூன்றடி வேண்டும் என்பவர் வெயிலையும் மழையையும் பார்க்கிறார். ஒன்றரை அடிக்கு மேல் கூடாது என்பவர் புயலைப் பார்க்கிறார். புயல் காற்று சுவரில் மோதி மேலே திரும்பும்போது, நீட்டிய இறவாணத்தைக் கீழிருந்து தள்ளும்; அதே நேரம் கூரை மேல் உறிஞ்சலும் இருக்கும். இரண்டும் சேரும் இடம் அந்த விளிம்பு. கூரை போவது பெரும்பாலும் விளிம்பிலும் மூலையிலும் முகட்டிலும்தான் தொடங்கும்.

தீர்வு: பெரிய கூரையின் இறவாணத்தை 18 அங்குலத்தில் நிறுத்துங்கள். நிழலுக்கான நீளத்தை வராந்தாக் கூரை தரட்டும். ஆனால் அது பெரிய கூரையின் கைமரத்தையே (ஓட்டைத் தாங்கும் சாய்வு மரம்) நீட்டிப் போட்டதாக இருக்கக்கூடாது. சுவரில் தனி மரம் பதித்து, ஒரு படி கீழே தனியாகத் தொடங்கவேண்டும். புயலில் வராந்தா பறந்தாலும் வீட்டுக் கூரை நிற்கும். நீங்கள் வாங்கும் பிளானில் இரண்டும் ஒரே சரிவாக ஓடினால் மாற்றித் தரச் சொல்லுங்கள். பார்க்க அழகாக இருக்கிறது என்று அதிகம் பேர் ஏமாறுவது இந்த ஒரே சரிவில்தான்.

வடிவம் நாற்புறச் சரிவு, சரிவு 30 டிகிரிக்கு அருகில். 15 டிகிரி, 20 டிகிரி என்று தாழ்ந்த கூரையில் உறிஞ்சல் அதிகம், ஓட்டுக்குள் மழையும் ஏறும். இருபுறச் சரிவு என்றால் இரண்டு முனையிலும் முக்கோணச் சுவர் தனியாக நிற்கும். தலையில் பிடிப்பில்லாவிட்டால் அது காற்றில் சாய்ந்து அந்தப் பக்கக் கூரையையும் இழுக்கும்.

கட்டுமானம்: எல்லாச் சுவர்த் தலையிலும் சுற்றிவர கான்கிரீட் பெல்ட். அதிலிருந்து 4 அடிக்கு ஒன்றாக 12 மி.மீ. போல்ட், மூலைகளில் இன்னும் நெருக்கமாக, சுவர் மேல் மரத்தைப் பிடிக்க. ஒவ்வொரு கைமரத்தையும் அந்த மரத்தோடு உலோகப் பட்டையால் இருபுறமும் கட்டவேண்டும். சாய்த்து அடித்த ஆணி மட்டும் போதவே போதாது, அது இழுவைக்குப் பிடுங்கிக்கொள்ளும். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும்; விளிம்பு, மூலை, முகட்டு ஓரங்களில் ஒவ்வொரு ஓட்டையும் ரீப்பரோடு (ஓடு உட்காரும் மரச்சட்டம்) கம்பியாலோ திருகாணியாலோ கட்டுங்கள். நடுவில் ஒன்று விட்டு ஒன்று.

கடைசியாக, ஜன்னல். காற்று மோதும் பக்கம் ஒரு கண்ணாடி உடைந்தால் வீட்டுக்குள் அழுத்தம் ஏறி, கூரையை உள்ளிருந்தும் தள்ளும். மேலே உறிஞ்சல், உள்ளே தள்ளல். எனவே கிழக்கு ஜன்னல் ஒவ்வொன்றுக்கும் மரக்கதவும், உள்ளிருந்து போடும் குறுக்குச் சட்டமும் கட்டாயம். கடலைப் பார்க்க ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட பிளான்கள் குளிர் நாட்டு வெயிலுக்கு ஏங்கும் வீடுகளிலிருந்து வந்தவை.

---

வேப்பமரம்:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் ஏ-வைப் பற்றி யாரும் பேசவில்லையே? வீட்டில் எல்லோருக்கும் முற்றத்தின் மேல்தான் கண். இன்னொன்று: பிளான் தருபவர் பி-யைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி அச்சிட்டுத் தருவதாகச் சொல்கிறார். அது போதுமா? வராந்தாவுக்கு இரும்புத் தூண் போடலாமா?

---

கரையோரம்:

முற்றம் வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டார்கள், தண்ணீர்க் கணக்கைப் போட்டுவிட்டு வைத்துக்கொள்ளுங்கள். முற்றம் 120 சதுர அடி, உள்நோக்கிச் சரியும் கூரை சுமார் 700 சதுர அடி என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து 76 சதுர மீட்டர். மணிக்கு 100 மி.மீ. மழை கொட்டினால் மணிக்கு 7600 லிட்டர் முற்றத்தில் விழும். சுத்தமான 4 அங்குலக் குழாய் நூற்றுக்கு ஒன்று சரிவில் இதை எளிதாக இழுத்துவிடும். ஒரு கை இலை அடைத்தால் இழுக்காது. முற்றம் தாழ்வாரத்தைவிட 6 அங்குலம் தாழ்வாக இருந்தால், அடைத்த பதின்மூன்றாவது நிமிடத்தில் தண்ணீர் கூடத்துக்குள் ஏறும்.

எனவே இரண்டு வெளிவழி, வெவ்வேறு மூலையில், ஒன்றை ஒன்று நம்பாமல். அறைகளுக்கு அடியில் போகும் குழாயில் வளைவு கூடாது. இரு முனையிலும் கம்பு விட்டுக் குத்தும் தொட்டி வேண்டும். முற்றத்தைத் தாழ்வாரத்திலிருந்து 12 அங்குலம் இறக்குங்கள். இதற்கெல்லாம் வீட்டின் பேஸ்மட்டம் 3 அடியாவது உயரவேண்டும்; இல்லையென்றால் வெளியே நிற்கும் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி வரும்.

அதோடு உங்கள் ஏ-யில் நான்கு கூடல்வாய், அதாவது இரண்டு கூரைச் சரிவு கூடும் பள்ளம். ஒழுகும் ஓட்டு வீட்டில் முதலில் பார்க்கவேண்டிய இடம் கூடல்வாய். பி-யில் அது ஒன்றுதான். அதில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடு உப்புக்காற்றில் சீக்கிரம் போய்விடும். 18 அங்குல அகலத்தில் கனமான அலுமினியத் தகடு போட்டு, இரு ஓரத்தையும் மேல்நோக்கி மடக்குங்கள். ஓட்டைப் பதிக்கும் சிமெண்ட் கலவை அலுமினியத்தைத் தொடக்கூடாது, அரித்துவிடும்.

காற்றுக்காக மட்டும்தான் முற்றம் என்றால் பி-யின் ஒற்றை வரிசை அறைகளுக்கு அது தேவையில்லை. முற்றம், ஆழமான கட்டுக்குள் வெளிச்சமும் காற்றும் கொண்டுவரும் உபாயம். எல்லின் உள்மூலையே பாதி முற்றம்தான்; தெற்கில் ஒரு பூவேலைச் சுவர் எழுப்பினால் மறைவும் கிடைத்துவிடும், தண்ணீர் வெளியே ஓடவும் வழி இருக்கும்.

தூணுக்கு இரும்பு வேண்டாம். போட்டே ஆகவேண்டுமென்றால் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்தது, அதையும் தரைக்கு மேல் ஓரடி கல் பீடத்தில் நிறுத்துங்கள். மரத்தூணுக்கும் பீடம் அவசியம். தரையோடு சேரும் இடத்தில் கரையானும் ஈரமும் ஒன்றாக வரும்.

பிளானில் யாரும் பார்க்காத ஒன்று, மெல்லிய கான்கிரீட் நீட்டல்கள். கடலுக்கு இவ்வளவு அருகில் கம்பியைச் சுற்றி 45 முதல் 50 மி.மீ. கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். சன்ஷேடு நுனியின் மொத்தத் தடிமனே 75 மி.மீ. மேலே 50, கீழே 50 எங்கே வைப்பது? எனவே கடலோர வீட்டில் முதலில் வெடித்து உதிர்வது சன்ஷேடும் கான்கிரீட் சாய்பட்டையும் பர்கோலாவும்தான். உப்பு உள்ளே போய்க் கம்பி துருப்பிடித்தால், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துவிடும். ஜன்னல் நிழலைக் கல் பலகையிலோ, மரத்தாங்கி மேல் ஓட்டிலோ செய்யுங்கள். கடற்கரை மணலும் உப்புக் கிணற்றுத் தண்ணீரும் கலவைக்கு ஆகவே ஆகாது, பூச்சுக்கும்தான்.

கீல், தாழ்ப்பாள் பித்தளையில். ஸ்டெயின்லெஸ் என்றால் 316 ரகம் கேளுங்கள். கடையில் சும்மா எடுத்துக் கொடுக்கும் 304-இல் பழுப்புப் புள்ளி விழும்.

---

மட்டப்பலகை:

கண்ணாடிப் பிம்பம் தரைப் பிளானை மட்டும் திருப்பும். பிளானைத் திருப்பி அச்சிட்டு, கம்பி, குழாய், மின்சார வரைபடங்களைத் திருப்பாமல் விட்டால் கொத்தனார் கையில் இரண்டு வீடு இருக்கும். எல்லா வரைபடமும் புதிதாக வரைந்து, எழுத்து நேராக, வடக்குக் குறியோடு வரவேண்டும். கதவு திறக்கும் பக்கத்தையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். திருப்பிய பின் கதவுப் பலகை காற்று வழியை மறைத்துக்கொண்டு நிற்கும்.

அதைவிட முக்கியம், குறுக்குவெட்டு வரைபடம். தாழை சொன்ன 8 அடி வராந்தாவை கைமரம் சொன்னபடி தனிக்கூரையாக 30 டிகிரியில் போட்டுப் பாருங்கள். 8 அடிக்கு 4 அடி 7 அங்குலம் ஏறும். வெளி விளிம்பு 7 அடி என்றால் சுவரில் 11 அடி 7 அங்குலத்தில் போய் ஒட்டும். உங்கள் பிளானில் சுவர் உயரம் 10 அடி என்று இருந்தால் இது நடக்காது. கட்டும்போது மேஸ்திரி சரிவைக் குறைத்துச் சமாளிப்பார், மழையில் ஓட்டுக்குள் தண்ணீர் ஏறும். சுவரை 12 அடியாக்குங்கள், அல்லது வராந்தாவை 6 அடியாகக் குறைத்து 10 அடி 6 அங்குலத்தில் ஒட்டவிடுங்கள். சுவர் 11½ அடி போதும், மேலே ஓரடி வெளிக்காற்றுத் துவாரத்துக்கும் கிடைக்கும். தரைப் பிளானில் இது எதுவுமே தெரியாது. குறுக்குவெட்டு தராத ஆளிடம் பிளான் வாங்காதீர்கள். 12 அடிச் சுவர் என்றால் மின்விசிறியைக் கம்பியில் இறக்கி 8½ அடியில் நிறுத்தவேண்டும், மேலேயே சுற்றினால் பயனில்லை.

கழிவு: கிணறு வடகிழக்கு, செப்டிக் டேங்க் தென்மேற்கு, இடையில் குறைந்தது 50 அடி. பி-யில் குளியலறைகள் இரு முனையிலும் பிரிந்திருக்கின்றன; குழாய் நீளும்போது சரிவுக்காகத் தரைக்குள் ஆழம் போகும், உங்களுக்கோ ஐந்தடியில் ஊற்று. இரண்டையும் தெற்கு முனைக்கு முதுகோடு முதுகாகக் கொண்டுவாருங்கள். உறிஞ்சுகுழி மழைக்காலத்தில் ஊற்றுக்குள் மூழ்கினால் கழிவு நேராகக் கிணற்றுக்குத்தான் போகும். குழிக்குப் பதில் மணல் மேடு எழுப்பி அதில் விடுங்கள்.

---

தாழை:

கைமரம் சொன்ன கிழக்குத் தாழ்வாரத்தை ஏற்கிறேன், ஆனால் 4 அடியைத் தாண்டவேண்டாம். இருபுறமும் வராந்தா வந்தால் நடு அறை இருட்டிவிடும். அந்தத் தாழ்வாரக் கூரையில் அறைக்கு இரண்டு கண்ணாடி ஓடு வடக்கு ஓரமாகப் போதும், அதிகம் போட்டால் வெயில் இறங்கும்.

சமையலறையைக் குட்டைக் கையின் மேற்கு நுனியில் வையுங்கள். பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து, புகையும் சூடும் வீட்டுக்குள் திரும்பாது. அறைக்கு அறை உள்கதவுகளுக்கு மேல் ஓரடி உயரத்தில் மரச்சட்டத் துவாரம் விட்டால், இரவில் கதவைச் சாத்தினாலும் காற்று நிற்காது. கொசுவலை போடப்போகிறீர்கள் என்றால் இப்போதே ஜன்னல் அகலத்தை 4 அடியிலிருந்து 5 ஆக்குங்கள். வலை காற்றைக் கணிசமாகத் தின்னும், பிறகு சுவரை இடித்துத்தான் கூட்டமுடியும். வலைச் சட்டம் கழற்றிக் கழுவும்படி இருக்கட்டும். உப்பும் தூசியும் சேர்ந்த வலையில் காற்றும் நுழையாது.